கொற்கைக் கடைமடை நிலங்களுக்கு முதல் சிறு டிராக்டரைத் தேர்ந்தெடுக்கும் முறை

தாமிரவருணி நதி புன்னைக்காயலில் கடலொடு கலக்குமுன் கடந்து செல்லும் ஏரல், உமரிக்காடு, கொற்கை, ஆத்தூர், முக்காணி முதலிய கிராமங்களில் உழவு மாடு கட்டிய தொழுவங்கள் பெரும்பாலும் வெறுமையாகிவிட்டன என்பது யாவரும் அறிந்ததே. பிசானப் பருவத்திற்குக் கால்வாயில் தண்ணீர் வந்த பிறகு, வாடகை டிராக்டர் எப்பொழுது வரும் என்று வரப்பில் நின்று வழி பார்ப்பதே இக்காலத்து உழவனின் முதல் வேலையாக இருக்கிறது. நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருக்கும். தொளி அடிக்க யந்திரம் வந்திராது. இக்காரணத்தால், ஐந்தாறு ஏக்கர் முதல் பதினைந்து ஏக்கர் வரை நிலமுள்ள பலர் தமக்கென ஒரு சிறு டிராக்டர் வாங்கிவிட உத்தேசிக்கின்றனர். அவ்வாறு உத்தேசிப்பவர் முதலில் கேட்பது, "எத்தனை குதிரை சக்தியுள்ளது வாங்கலாம்?" என்பதே. இக்கேள்வி தவறானதன்று, ஆனால் அது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ கேட்கப்பட வேண்டியது. நிலம் எத்தகைய பாரத்தைத் தாங்கும் என்பதும், வருஷத்தில் எத்தனை மணி நேரம் யந்திரத்திற்கு வேலை இருக்கிறது என்பதும் தெரியாமல் குதிரை சக்தியைப் பற்றிப் பேசுவதில் பிரயோஜனம் இல்லை.

சிறு டிராக்டர் என்று ஈண்டு நாம் கூறுவது சுமார் 15 முதல் 28 குதிரை சக்தி வரையுள்ள எஞ்சினை உடையதும், உழவுக் கருவி நீங்கலாக 600 முதல் 1,000 கிலோ வரை எடையுள்ளதுமான நான்கு சக்கர யந்திரத்தை. கிராமங்களில் வாடகைக்கு ஓடும் பெரிய டிராக்டர்கள் பெரும்பாலும் 40 முதல் 50 குதிரை சக்தியும் 1,800 கிலோவும் அதற்கு மேலும் உள்ளவை.

நிலத்தின் தன்மை

கொற்கை ஒரு காலத்தில் பாண்டியரது துறைமுகமாகவும் முத்துச் சலாபத்தின் தலைமையிடமாகவும் இருந்தது. இன்றோ கடல் பல கிலோமீட்டர் கிழக்கே விலகி நிற்கிறது. இடையிலுள்ள நிலம் நதி நெடுங்காலமாகக் கொண்டுவந்து தள்ளிய வண்டலே. சரித்திர ஆராய்ச்சிக்கு இது ஒரு விஷயம். உழவனுக்கு இது முற்றும் வேறொரு விஷயம். வண்டல் ஆழமாகப் படிந்த வயலில், பல தலைமுறை ஏர் உழவினால் கீழே இறுகிய அடித்தட்டு ஒன்று இருந்தால்தான் சக்கரத்திற்கு நிலை உண்டு. அத்தட்டு எல்லா வயலிலும் ஒரே ஆழத்தில் இருப்பதில்லை. 1873-ஆம் வருஷத்தில் கட்டி முடிக்கப்பெற்ற ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டே தாமிரவருணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானது. அதன் வடகால், தென்கால் இரண்டும் சேர்ந்து சுமார் 25,000 ஏக்கருக்குப் பாசனம் அளிக்கின்றன. அக்கால்களின் மேல்மடை வயலுக்கும், குளத்தின் கீழுள்ள பள்ளக்கால் வயலுக்கும் சேற்றின் ஆழத்தில் பெரிய வேற்றுமை உண்டு. ஒரே சர்வே எண்ணுக்குள்ளேயே இவ்வேற்றுமை காணப்படுவதும் அபூர்வமன்று.

சில வருஷங்களுக்கு முன் இப்பகுதியில் ஒரு பண்ணையார், அக்கம்பக்கத்தில் எல்லோரும் வைத்திருப்பதைப் போன்ற பெரிய டிராக்டரையே கடன் பெற்று வாங்கினார். மேட்டு வயலில் அது நன்றாகவே உழுதது. பள்ளத்து வயலில் இறக்கிய முதல் நாளே பின்அச்சு வரை புதைந்துவிட்டது. அதை வெளியேற்ற வேறு இரண்டு டிராக்டர்கள் வந்தன. அவற்றுள் ஒன்றும் புதைந்தது. அவ்வயலின் அடித்தட்டு அன்று உடைந்த இடத்தில் பின்னர் ஆள் இறங்கினாலும் முழங்கால் மறைகிறது என்று அவரே எம்மிடம் கூறினார். யந்திரத்தின் குறை அதில் ஒன்றும் இல்லை. நிலத்தை அளக்காமல் யந்திரத்தை அளந்ததே குறை.

நிலத்தை அளக்கும் வழி எளிது. தொளி அடித்த வயலில், அல்லது இரண்டு நாள் தண்ணீர் கட்டிய வயலில், ஒரு கடப்பாரையை நிமிர்த்திப் பிடித்து, ஓங்கிக் குத்தாமல், கையின் பாரத்தால் மட்டும் இறக்க வேண்டும். அது எங்கே நிற்கிறதோ அங்கே அடித்தட்டு இருக்கிறது. சேறு பட்ட அளவைச் சாண் கணக்கில் அல்லாமல் அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்க. ஏக்கருக்குப் பத்து இடங்களிலாவது இவ்வாறு பார்க்க வேண்டும். மடைவாய், பழைய பள்ளம், வாழைக்குக் கால் வெட்டியிருந்த இடம் ஆகியவற்றை விட்டுவிடலாகாது. டிராக்டரின் அடிவயிறு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என்பதை விற்பனைப் பத்திரத்தில் காணலாம். சிறு டிராக்டர்களில் அது சுமார் ஓர் அடி. சேற்றின் ஆழம் அதற்குக் குறைவாக இருந்தால் சக்கரம் அடித்தட்டில் ஊன்றி ஓடும். அதற்கு மிகுதியாக இருந்தால் அடிவயிறு சேற்றில் படகைப் போல இழுபடும். எத்தனை குதிரை சக்தி இருந்தாலும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும். அத்தகைய வயல் நிலத்தில் பாதிக்கு மேல் இருப்பவர் நான்கு சக்கர டிராக்டர் வாங்கும் எண்ணத்தையே கைவிட்டு, பின்னர் கூறப்போகும் பவர் டில்லரைப் பற்றி யோசிப்பது நலம்.

அடுத்து, வழியை அளக்க வேண்டும். பெரிய டிராக்டரின் அகலம் ஆறடிக்கு அருகில் வரும். சிறு டிராக்டர்களில் பல, ஒரு மீட்டர் முதல் நாலடி அகலத்திற்குள் அடங்கிவிடுகின்றன. வீட்டு வாயில், தொழுவத்து நடை, வாய்க்கால் மேலுள்ள கல்பாலம், பிறர் வயலின் ஓரமாகச் செல்லும் வண்டிப்பாதை ஆகிய ஒவ்வொன்றையும் கயிற்றால் அளந்து, மிகக் குறுகியது எதுவோ அதையே கணக்கில் கொள்க. பிறர் வரப்பை உடைத்துக்கொண்டு வயலுக்குச் செல்வதாக இருந்தால், யந்திரம் வந்த முதல் பருவத்திலேயே வழக்கும் வந்து சேரும்.

குதிரை சக்தியும் எடையும்

ஒரு ஜோடி உழவு மாடு நாள் முழுதும் இடைவிடாது அளிக்கக்கூடிய சக்தி ஏறக்குறைய ஒரு குதிரை சக்தி அல்லது அதற்குச் சற்றுக் குறைவு. அப்படியானால் 24 குதிரை சக்தி டிராக்டர் 24 ஜோடி மாடுகளுக்குச் சமமோ எனில், அன்று. விற்பனைப் பத்திரத்தில் காணும் எண் எஞ்சினின் சக்தி. கலப்பையை இழுக்கும்போது சக்கரம் வழுக்குவதால் அதில் பெரும்பகுதி வீணாகிறது. ஈர நிலத்தில் இந்நஷ்டம் இன்னும் அதிகம். ஆனால் ரோட்டவேட்டர் இழுக்கப்படுவதில்லை. டிராக்டரின் பின்புறமுள்ள சுழல் தண்டினால் சுற்றப்படுகிறது. அங்கே நஷ்டம் குறைவு. சிறு டிராக்டரின் பலம் கலப்பையில் அல்லாமல் ரோட்டவேட்டரில் விளங்குவதற்கு இதுவே காரணம். எனினும், 24 குதிரை சக்தி என்று எழுதப்பட்ட இரண்டு டிராக்டர்களில் ஒன்று சுழல் தண்டில் 17-உம் மற்றொன்று 22-உம் தருவது உண்டு. ஆகையால் எஞ்சின் சக்தியைக் கேட்பதோடு நில்லாமல், சுழல் தண்டில் எவ்வளவு என்று கேட்டே தீர வேண்டும்.

மத்தியப் பிரதேசத்தில் புத்னி என்னும் ஊரிலுள்ள மத்திய அரசாங்கத்தின் விவசாய யந்திரப் பரிசோதனைச் சாலை, டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை வெளியிடுகிறது. சுழல் தண்டின் சக்தி, மணிக்குச் செலவாகும் டீசல், பின்கைகள் தூக்கும் பாரம், பிரேக் நிற்கும் தூரம் ஆகியவை அதில் அளந்து கூறப்பட்டிருக்கும். விற்பனையாளரிடம் அவ்வறிக்கையின் பிரதியைக் கேட்பது வாங்குபவரின் உரிமை. "அதெல்லாம் எதற்கு ஐயா, ஓட்டிப் பாருங்கள்" என்று சொல்பவரிடம், இரண்டையும் செய்வதாகச் சொல்லலாம்.

எடையைப் பற்றி ஒரு நுட்பம் உண்டு. இலேசான டிராக்டர் கனத்த கலப்பையை இழுக்க முடியாது என்பதே பழைய அபிப்பிராயம். அயர்லாந்தில் பிறந்த ஹாரி பெர்கூசன் என்பவர், கருவியைச் சங்கிலியால் பின்னே கட்டி இழுப்பதற்குப் பதிலாக, மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைத்து நீர்மவிசையால் தூக்கவும் தாழ்த்தவும் ஆகும் முறையைக் கண்டார். 1939-இல் ஹென்றி போர்டுடன் சேர்ந்து அம்முறை அமைந்த டிராக்டரை வெளியிட்டார். கருவி மண்ணில் படும் இழுப்பு, பின்சக்கரத்தின் மேல் பாரமாக மாறி அதை அழுத்துவதே இதன் இரகசியம். இன்று விற்கும் டிராக்டர்களில் இந்த மூன்று புள்ளி இணைப்பே பொது வழக்கு. 800 கிலோ யந்திரம் உழவுக்கு உதவுவது இதனால்தான். முன்சக்கரமும் சேர்ந்து இயங்கும் வகை, விலையில் சற்று அதிகமாயினும், எமது அபிப்பிராயத்தில் கடைமடை நன்செய்க்கு அதுவே தக்கது. இலேசான எடை நான்கு சக்கரங்களிலும் பங்கிடப்பட்டு, நான்கும் மண்ணைப் பற்றுவதால், அது குறைவாகப் புதைகிறது. புன்செய்த் தோட்டமும் தென்னந்தோப்பும் மட்டும் உள்ளவருக்கு அச்செலவு அவசியமில்லை.

வருஷத்திற்கு எத்தனை மணி?

இதுவே இக்கட்டுரையில் முக்கியமான பகுதி. ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். கொற்கைக் குளத்தின் கீழ் ஒருவருக்கு ஆறு ஏக்கர் நெல் வயலும், மூன்று ஏக்கர் வாழையும், இரண்டு ஏக்கர் தென்னையும் இருக்கின்றன. அவர் 24 குதிரை சக்தி டிராக்டரில் ஒரு மீட்டர் அகல ரோட்டவேட்டரைப் பூட்டி, மணிக்கு மூன்று கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுகிறார். மணிக்கு 3,000 சதுர மீட்டர் ஆகிறது. வரப்போரத்தில் திரும்பும் நேரம், சேறு சுத்தம் செய்யும் நேரம் முதலியவற்றிற்கு நூற்றுக்கு முப்பது கழித்தால் 2,100 சதுர மீட்டர். அதாவது அரை ஏக்கருக்குச் சற்று மேல்.

நெல்லுக்கு ஒரு புழுதி உழவும் இரண்டு தொளி உழவும் என்று கொண்டால், கார், பிசானம் இரண்டு பருவத்திற்கும் சுமார் 80 மணி. வாழை நடுமுன் மூன்று உழவுக்கு 18 மணி. தென்னைக்கு வருஷத்தில் மூன்று தடவையாக 12 மணி. எரு, வைக்கோல், நெல், வாழைத்தார் ஏற்றிச் செல்ல 60 மணி. மருந்து தெளித்தல் முதலிய சில்லறை வேலைக்கு 20 மணி. ஆக 190 மணி.

இனிச் செலவு. டிராக்டர், ரோட்டவேட்டர், சிறிய டிரெய்லர் மூன்றும் சேர்ந்து 7,50,000 ரூபாய் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பத்து வருஷத்திற்குப் பின் பத்தில் ஒரு பங்கு விலை போகும் எனில், தேய்மானம் வருஷத்திற்கு 67,500 ரூபாய். சராசரி முதலுக்கு நூற்றுக்குப் பத்து வட்டி 41,250 ரூபாய். இன்ஷூரன்ஸ், கொட்டகை முதலியவை நூற்றுக்கு மூன்றாக 22,500 ரூபாய். யந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆகும் செலவு 1,31,250 ரூபாய். இதை 190 மணிக்குப் பங்கிட்டால் மணிக்கு 691 ரூபாய். ஓடும் செலவாக மூன்று லிட்டர் டீசலுக்கு 285, எண்ணெயும் பழுதும் 80, ஓட்டுநர் கூலி 120, ஆக 485. மொத்தம் மணிக்கு 1,176 ரூபாய். விலையும் வட்டியும் கூலியும் அவரவர் ஊருக்கும் காலத்திற்கும் ஏற்ப மாறும்; எண்களை மாற்றிப் போட்டுக்கொள்க, கணக்கு முறை மாறாது.

இதை வாடகை மணியோடு நேருக்கு நேர் ஒப்பிடுவதில்தான் பலர் ஏமாறுகின்றனர். பெரிய டிராக்டரின் ரோட்டவேட்டர் ஆறடி அகலம். அது ஒரு மணியில் ஏறக்குறைய ஓர் ஏக்கர் முடித்துவிடும். நமது சிறு யந்திரத்திற்கு அதே ஏக்கருக்கு இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவான நேரம் வேண்டும். ஆகவே ஏக்கர்க் கணக்கில்தான் ஒப்பிட வேண்டும். சொந்த யந்திரத்தில் ஓர் உழவுக்கு ஏக்கருக்கு 2,270 ரூபாய் ஆகிறது. வாடகை மணிக்கு 1,200 ரூபாயாயின், பெரிய டிராக்டருக்கு ஏக்கருக்கு 1,300 ரூபாயைத் தாண்டாது. உழவு ஒன்றையே கருதினால், இவ்வுதாரணத்திலுள்ளவருக்குச் சொந்த டிராக்டர் நஷ்டம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பக்கத்து நிலத்தாருக்கு வருஷம் 150 மணி வாடகைக்கு ஓட்டி 340 மணியாக்கினால், மணிக்கு 871 ரூபாயாகவும் ஏக்கருக்கு 1,680 ரூபாயாகவும் இறங்குகிறது. அப்பொழுதும் அது பெரியதன் வாடகைக்கு மேலேயே நிற்கிறது. வருஷத்தில் 100 மணி மட்டுமே ஓட்டுபவருக்கு மணிக்கு 1,798 ரூபாய் ஆகும்; அவர் எக்காரணம் பற்றியும் தனியே வாங்கலாகாது.

அப்படியானால் யார் வாங்கலாம்? பெரிய டிராக்டர் இறங்க முடியாத இளஞ்சேற்று வயலை உடையவர் வாங்கலாம். நாலடிப் பாதையே வழியாக உள்ளவர் வாங்கலாம். உழவைவிடச் சுமையும் தோட்ட வேலையும் மிகுதியாக உள்ளவர் வாங்கலாம். எல்லாவற்றிற்கும் மேலாக, காலத்தில் உழவு கிடைக்காமல் மாசூல் இழப்பவர் வாங்கலாம். பிசான நடவு தள்ளிப்போனால், வேர் ஊன்றாத பயிர் வடகிழக்குப் பருவமழையில் சிக்குகிறது. ஐந்து வருஷக் கணக்கை எடுத்து, வாடகை யந்திரத்திற்காகக் காத்திருந்து இழந்த நெல் எத்தனை கோட்டை என்று உத்தேசமாகப் பார்த்தால், மேலே கூறிய வித்தியாசத்தை அது ஈடு செய்கிறதா என்பது தெரிந்துவிடும். மூன்று பங்காளிகள் சேர்ந்து வாங்குவதும் நல்ல முறையே. ஆனால் யாருக்கு எந்தத் தேதியில் என்பதைத் தண்ணீர் முறை போலவே எழுத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். எல்லோருக்கும் ஒரே வாரத்தில்தான் யந்திரம் வேண்டியிருக்கும்.

வாங்குமுன் ஒரு பருவமாவது வேளாண்மைப் பொறியியல் துறையின் யந்திரங்களை வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது சிறந்தது. கைபேசியில் "இ-வாடகை" வழியாகவும் பதிவு செய்துகொள்ளலாம்.

வாழை, தென்னை, தேரி, கரிசல்

நன்செய் வாழைக்கு வரிசைக்கிடையே கால் வெட்டிவிடுவதால், நட்ட பிறகு எந்த டிராக்டரும் அதனுள் செல்லாது. விற்பனைப் பத்திரத்தில் வாழைத் தோட்டத்துள் டிராக்டர் ஓடும் படத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது கால் வெட்டாத தோட்டக்கால் வாழை. அங்கே ஆறடி இடைவெளியில் மூன்றரை அடி யந்திரம் இலை முற்றும் வரை ஓடும். தென்னைக்கு 25 அடி இடைவெளி இருப்பதால் தடையே இல்லை. வேர்கள் மேலாக ஓடுவதால் ஆழ உழாமல் இருந்தால் போதும். ஆத்தூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு மண்வெட்டியே கருவி. அங்கே யந்திரத்தின் வேலை எரு கொண்டு சேர்ப்பதோடு முடிந்தது.

திருச்செந்தூர், சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலில் ரோட்டவேட்டர் ஓட்டுவது கேடு. மண் தூளாகி ஆடிக் காற்றில் பறந்துவிடும். விளாத்திகுளம், எட்டையபுரம், கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசலிலோ சிறு டிராக்டர் பருத்திக்கு இடையுழவு செய்யும். கோடை உழவுக்கு வலுப் போதாது. கோவில்பட்டியில் 1901 முதல் ஆராய்ச்சிப் பண்ணை நடைபெற்று வருகிறது. அப்பகுதியார் அங்கும், மற்றவர் வல்லநாட்டை அடுத்த கிள்ளிகுளம் விவசாயக் கல்லூரியிலும் விசாரித்துக்கொள்ளலாம்.

பவர் டில்லர்

மாட்டு ஏரால் ஓர் ஏக்கர் உழ, அரை அடிச் சால் எனில், உழவன் சுமார் 27 கிலோமீட்டர் நடக்கிறான். இரண்டடி அகலம் வெட்டும் பவர் டில்லரின் பின்னே அதே ஏக்கருக்கு ஆறு ஏழு கிலோமீட்டர் நடந்தால் போதும். 1967-இல் பெங்களூரில் தொடங்கிய கம்பெனி ஒன்று ஜப்பானிய மித்சுபிஷியாரின் துணையோடு இதைத் தென்னாட்டில் பரப்பியது. சிறு டிராக்டரைவிட விலையும் எடையும் குறைவு. ஆழச் சேற்றிற்கு ஏற்றது. பத்து சென்ட் தாக்கில்கூடத் திரும்பும். ஆனால் அதை ஓட்டுபவனுக்கு உடல் வலு வேண்டும். கை நடுக்கமும் முதுகு வலியும் உண்டு. நிலமுடையவர் தாமே ஓட்ட எண்ணினால் வயதை நினைத்துக்கொள்வது நன்று.

ஆபத்துகள்

சேற்றில் புதைந்த டிராக்டரை வெளியேற்றப் பின்சக்கரத்தில் மரக்கட்டையைக் கட்டி எஞ்சினை முடுக்குவது நம் கிராமங்களில் வழக்கமாகிவிட்டது. சக்கரம் கட்டையால் தடைபட்டுச் சுழல முடியாதபோது, டிராக்டரின் உடல் அச்சைச் சுற்றி எழும்பி, முன்புறம் ஆகாயத்தை நோக்கி நின்று, ஓட்டுநரின் மேல் கவிழ்கிறது. இரண்டு விநாடியில் இது முடிந்துவிடும். குதிக்க நேரம் இராது. யந்திரம் இலேசானது என்பதால் இவ்வாபத்து குறைவதில்லை. கருவியைக் கழற்றிவிட்டு, சக்கரத்தின் முன்பின் சேற்றை வெட்டி, பின்னோக்கியே ஓட்டி வெளியேற்ற வேண்டும். சங்கிலி கட்டி இழுப்பதாயின் தாழ்ந்த இழுவைத் தண்டில் மட்டுமே கட்டுக. அச்சிலோ மேல் இணைப்பிலோ கட்டலாகாது. இருக்கைக்குப் பின்னே கவிழ்ப்புத் தடுப்பு வளைவும் இருக்கைப் பட்டையும் உள்ள யந்திரம் கிடைக்குமாயின், மற்றொன்றைவிட விலை கூடினும் அதையே வாங்குக.

சுழல் தண்டு நிமிஷத்திற்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு ஒன்பது சுற்று சுழல்கிறது. அதன்மேல் உறை இல்லாமல் ஓட்டும்போது வேட்டியின் நுனியோ சேலைத் தலைப்போ பட்டால் கையை இழுத்துக்கொள்ளும் அவகாசம் இல்லை. உறை உடைந்தால் அன்றே மாற்றுக.

டிரெய்லரைப் பற்றியும் ஒரு வார்த்தை. பன்னிரண்டு, பதினைந்து கிலோ வாழைத்தார் நூறு ஏற்றினால் ஒன்றேகால், ஒன்றரை டன் ஆகிறது. இழுக்கும் யந்திரமோ 800 கிலோ. சமதரையில் இழுத்துவிடும். கால்வாய்க் கரையிலிருந்து இறங்கும்போது, பிரேக் இல்லாத டிரெய்லர் பின்னிருந்து தள்ளி யந்திரத்தை மடக்கிவிடும். செய்தவர் குறித்துள்ள பாரத்திற்கு மேல் ஏற்றாமலும், இறக்கத்தில் கியரை விடாமலும் ஓட்டுவதைத் தவிர வேறு உபாயம் இல்லை.

கடனும் மானியமும்

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர்களுக்குரிய சரக்கு சேவை வரி நூற்றுக்கு 12-லிருந்து 5-ஆகக் குறைக்கப்பட்டது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் இதை நினைவூட்டுக. வேளாண் யந்திர மானியத் திட்டத்தில் சிறு, குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண்கள் ஆகியோருக்கு நூற்றுக்கு 50 வரையிலும், ஏனையோருக்கு 40 வரையிலும், உச்சவரம்பிற்கு உட்பட்டு உதவி அளிக்கப்பட்டு வந்துள்ளது. முதலில் விண்ணப்பித்து அனுமதி பெற்ற பின்னரே வாங்க வேண்டும்; வாங்கிவிட்டு விண்ணப்பித்து வருந்தியவர் பலர்.

கிராம நிர்வாக அலுவலர்கள் சிட்டா, அடங்கல் நகல்களைத் தாமதமின்றி வழங்குவதோடு, அடங்கலில் உண்மையான பயிரைக் குறிப்பதும் இங்கே பெரிய உதவி. கடன் கொடுக்கும் பாங்கி அதை வைத்தே தவணையை நிர்ணயிக்கும். நெல்லும் வாழையும் மாதா மாதம் பணம் தருவன அல்ல. ஆகையால் அறுவடையை ஒட்டிய அரையாண்டுத் தவணையையே கேட்க வேண்டும். மாதத் தவணைக்கு ஒப்புக்கொண்டு, அதை அடைக்க வேறிடத்தில் வட்டிக்கு வாங்குவது நிலம் கைமாறும் வழி. தொளிக்கான இரும்புக் கேஜ் சக்கரத்துடன் தார்ச்சாலையிலும் கால்வாய்ப் பாலங்களிலும் ஓட்டுவதை அதிகாரிகள் தடுப்பது அவசியம்.

யந்திரத்தை விற்பனைக் கூடத்தில் பார்த்து முன்பணம் கொடுத்துவிடாமல், கடப்பாரை ஆழமாக இறங்கிய அந்த வயலுக்கே அதைக் கொண்டுவந்து ஓட்டிக்காட்டும்படி கேட்க வேண்டும். அதற்கு இசையாதவரிடம் வாங்க வேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. உதிரி பாகம் ஏரலிலோ தூத்துக்குடியிலோ திருநெல்வேலியிலோ அன்றே கிடைக்குமா என்பதை, விற்பனையாளரிடம் அல்ல, அதே யந்திரத்தை இரண்டு வருஷமாக வைத்திருப்பவரிடம் கேட்டறிக.

கொட்டகையும் உப்பும்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பதிவாகி, தாமிரவருணி கரை கடந்து ஸ்ரீவைகுண்டம், ஏரல் பகுதிகளை மூழ்கடித்தது. அவ்வெள்ளம் நின்ற மட்டம் பல வீட்டுச் சுவர்களில் இன்னும் தெரியும். கொட்டகையின் தரை அம்மட்டத்திற்கு மேல் இருக்குமாறு கட்ட வேண்டும். இயலாவிடின், யந்திரத்தைக் கொண்டு நிறுத்தத்தக்க மேடு எது என்பதை முன்னதாகவே தீர்மானித்துக்கொள்க. மூழ்கிய எஞ்சினை, வெள்ளம் வடிந்ததும் ஆவலினால் ஸ்டார்ட் செய்வது பெரும் பிழை. உள்ளே புகுந்த நீர் அமுங்காது. எஞ்சின் தண்டு வளைந்துவிடும். காற்று வடிகட்டியைக் கழற்றி, டீசல், எஞ்சின் எண்ணெய், கியர் எண்ணெய் முழுவதையும் வடித்து மாற்றிய பின்னரே, மெக்கானிக்கைக் கொண்டு எஞ்சினைக் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும்.

கடலோரக் காற்றிலும் சில கிணற்று நீரிலும் உப்பு உண்டு. அத்தகைய நீரை ரேடியேட்டரில் ஊற்றலாகாது. உப்பளப் பாதையில் சென்று வந்த டிரெய்லரை அன்று மாலையே நல்ல நீரால் கழுவி, மூட்டுகளுக்குக் கிரீஸ் இட வேண்டும்.

புதிய யந்திரம் வந்த முதல் ஐம்பது மணி நேரம் கடுந்தொளியில் இறக்காமல், புழுதி உழவிலும் இலேசான சுமையிலும் பழக்குக. ஐம்பதாவது மணியில் எஞ்சின் எண்ணெயையும் வடிகட்டியையும் மாற்றி, அத்தேதியையும் மணிக்கணக்கையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தால், வருஷ முடிவில் மேற்சொன்ன 190 மணி என்னும் மதிப்பு தமது நிலத்திற்கு எவ்வளவு பொருந்தியது என்பதும் அதே புத்தகத்தில் தெரியும்.